பன்னிரண்டு லெவலை எப்படிப் பிரிப்பது

பூசாரிக்கு ஞானம் வேண்டுமாம், மந்திரவாதிக்கு அறிவு வேண்டுமாம். இரண்டும் ஒன்றில்லையா என்று தம்பியிடம் கேட்டேன். இல்லை என்றான். ஞானத்துக்கு வேறு புள்ளி, அறிவுக்கு வேறு புள்ளி, கையில் இருக்கிற புள்ளிகளை இரண்டுக்கும் பங்கு போட்டால் இரண்டிலும் அரைகுறையாக நிற்பாய் என்றான். அறிவில்லாத ஞானியை நான் கண்டதில்லை. ஞானமில்லாத அறிவாளிகளைக் கூட்டுறவுச் சங்கக் கூட்டங்களில் நிறையக் கண்டிருக்கிறேன். அப்படி யோசித்தபோது அவன் சொல்வதும் சரிபோலத்தான் இருந்தது. ஆனாலும் முழுதாக விளங்கவில்லை. இன்றைக்கும் விளங்கவில்லை.

நாங்கள் இருவரும் விளையாடியது கணினியில் ஆடும் ஒரு மாய உலக விளையாட்டு. வாள், மந்திரம், பூதம், பாழடைந்த கோட்டை எல்லாம் இருக்கும். ஆளுக்கொரு பாத்திரத்தை உருவாக்கி ஒன்றாக அலைய வேண்டும். சண்டைகளை வெல்ல வெல்ல அந்தப் பாத்திரம் லெவல் லெவலாக ஏறும், பன்னிரண்டோடு நின்றுவிடும். ஒவ்வொரு முறை ஏறும்போதும் அந்த லெவலை எந்தத் தொழிலில் போடுவது என்று நாம்தான் சொல்ல வேண்டும். சண்டைக்காரன், மந்திரவாதி, பூசாரி, கள்ளன், வேடன், பாட்டுக்காரன் என்று தொழில்கள் வரிசையாக நிற்கும். பன்னிரண்டையும் ஒரே தொழிலில் போடலாம், பிரித்தும் போடலாம். பிரிப்பதில்தான் கெட்டித்தனம் இருக்கிறது என்று இணையத்தில் ஒரு கூட்டம் அடித்துச் சொல்லும். பிரித்தால் நாசமாய்ப் போவாய் என்று இன்னொரு கூட்டம் அதே அளவு உறுதியாகச் சொல்லும். அந்தக் காணொளிகளில் வருகிறவர்கள் மூச்சு விடாமல் ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளுவார்கள். இரண்டு முறை பார்த்தால் ஒரு முறை பார்த்ததைவிடக் குழப்பம் கூடும்.

தம்பி டொரொன்டோவில் இருக்கிறான். நானும் அம்மாவும் வன்னியில், தர்மபுரத்தில். ஒன்பது வயதில் சித்தி குடும்பத்தோடு வன்னியை விட்டுப் போனவன், பிறகு அவர்களோடேயே கனடாவுக்கும் போய்விட்டான். எனக்கு அப்போது பதின்மூன்று. அதற்குப் பிறகு நாங்கள் ஒரு வீட்டில் படுத்தெழும்பியதில்லை. தொலைபேசியில் கதைப்போம், ஆனால் அது கதையில் சேர்த்தியில்லை. சாப்பிட்டியோ, மழையோ, அம்மா என்ன செய்யிறா, சரி வைக்கிறன். இரண்டு நிமிடம் தாண்டாது. அவன் என்ன வேலை செய்கிறான் என்பதைக்கூடச் சித்தி சொல்லித்தான் அறிந்தேன். ஒரு பண்டகசாலையில் பெட்டி அடுக்குகிறானாம்.

பிறகு ஒரு நாள், கோயில் திருவிழாவுக்கு ஊர் வந்த உறவுக்காரர் ஒருவரிடம் ஒரு மடிக்கணினி கொடுத்தனுப்பினான். உள்ளே இந்த விளையாட்டு இருந்தது. எனக்கு ஞாயிறு காலை, அவனுக்குச் சனி இரவு. முதல் நாள் இரண்டு மணித்தியாலம் கதைத்தோம். கதவு திறக்கிறதா, பெட்டிக்குள் என்ன, ஓடு, நில், இந்தப் பக்கம் வா. எல்லாம் விளையாட்டுக் கதைதான். ஆனால் இடையிடையே, பாத்திரங்கள் நடந்துகொண்டிருக்கும்போது, தன் முதுகு நோவைப் பற்றிச் சொன்னான். சித்தப்பா தன்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை என்றான். எனக்கு ஒரே சந்தோஷம். அவன் முதுகு நோகிறது என்று கேட்டுச் சந்தோஷப்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இதில் ஒரு சிக்கலும் இருந்தது. அவன் தெரிவு செய்தது ஒரே உயிர் ஆட்டம். ஒருவர் விழுந்தால் மற்றவர் எழுப்பலாம், இருவரும் விழுந்தால் எல்லாம் அழிந்துவிடும், பழைய இடத்திலிருந்து தொடங்க முடியாது. அவனுடைய வேலையிடத்தில் சனி இரவு முறைக்கு ஆள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த ஆட்டம் முடியும்வரை பொறுங்கள் என்று சொல்லி வைத்திருந்தான்.

“செத்தம் எண்டா நான் வேலைக்குப் போயிடுவன் அக்கா. திரும்பவும் முதல்ல இருந்து தொடங்க எனக்குப் பொறுமை இல்லை,” என்றான்.

ஆட்டத்தை வென்று முடிப்பதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. நாங்கள் போகிற வேகத்துக்கு அதற்கு இன்னும் ஒரு வருடமாவது வேண்டும். சாகாமல் இருந்தால் போதும். செத்தால் என் ஞாயிற்றுக்கிழமைகள் போய்விடும், தம்பி பழையபடி இரண்டு நிமிடத் தம்பியாகிவிடுவான். அந்தப் பயத்தோடுதான் ஒவ்வொரு முறையும் தொழில் வரிசையைப் பார்ப்பேன்.

அவன் தெளிவாக இருந்தான். முதல் நாளே, “நான் போராளி, நீ பூசாரி,” என்றான். குசினியில் அம்மா தேங்காய் துருவுகிற சத்தம் நின்றது. ஒலிபெருக்கியில் எல்லாம் வீடு முழுக்கக் கேட்கும். அவனுக்கு நான் மெல்லச் சொன்னேன், அந்தச் சொல் வேண்டாம், சண்டைக்காரன் என்று சொல்லு என்று. ஏன் என்று கேட்டான். பிறகு அவனுக்கே விளங்கியது, எங்கள் ஊரில் அந்தச் சொல் போரில் இயக்கத்துக்காகச் சண்டை பிடித்தவர்களுக்கு உரியது. சற்று நேரம் கழித்துத் தேங்காய் துருவுகிற சத்தம் திரும்பத் தொடங்கியது.

“இஞ்சை பார் அக்கா, சண்டைக்காரனுக்கு அஞ்சாவது லெவல்ல ஒரு முறைக்கு ரெண்டு வெட்டு வரும். அதுக்கு முன்னம் வேற எதையும் தொடக்கூடாது. அதுக்குப் பிறகு கள்ளன்ல கொஞ்சம் எடுத்தன் எண்டா ஒளிச்சு நிண்டு வெட்டலாம். உனக்கும் அப்பிடித்தான். பூசாரியில அஞ்சு வரைக்கும் அசையாமல் நில்லு. செத்தவனை எழுப்புற மந்திரம் அஞ்சிலதான் வருது.”

கேட்கும்போது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. முதல் லெவலைப் பூசாரியில் போட்டேன். இரண்டாவது வந்தபோது கை தானாகக் கள்ளனில் போய் நின்றது. பூட்டுத் திறக்கத் தெரிந்தால் நல்லதுதானே. மூன்றாவது மந்திரவாதி, தூரத்திலிருந்து நெருப்பு எறியலாம். நாலாவது வேடன், ஏனென்றால் காட்டுக்குள் சாப்பாடு தேடத் தெரிந்த ஒருவர் வேண்டும். விளையாட்டில் சாப்பாட்டுக்குப் பஞ்சமே வராது என்பது பிறகுதான் தெரிந்தது.

தம்பிக்குக் கோபம் வந்துவிட்டது. “உனக்கென்ன விசரோ? எல்லாத்திலயும் ஒண்டு ஒண்டு எடுத்தா ஒண்டும் வராது.”

“ஒண்டு சரிவராட்டி மற்றது இருக்கும்தானே.”

“அப்பிடி வேலை செய்யாது. ஒண்டுமே சரிவராமல்தான் போகும்.”

எனக்குச் சுள்ளென்று வந்தது. அவனுக்கு என்ன தெரியும். இங்கே எல்லாரும் அப்படித்தான் சீவிக்கிறோம். நான் கிழமை நாட்களில் சங்கக் கடையில் கணக்குப் பார்க்கிறேன். பின்னேரங்களில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். சட்டை தைக்கிறேன். மாரியில் அரை ஏக்கர் வயல் செய்கிறேன், கோழியும் வளர்க்கிறேன். வவுனியாவில் நிரந்தரமாக ஒரு வேலை கிடைத்தது, அம்மா தனிய என்று போகவில்லை. எதிலும் நான் ஐந்தாவது லெவலுக்கு வந்ததில்லை. ஆனால் கடை பூட்டினால் தையல், மழை பொய்த்தால் பாடம். விழாமல் நிற்கிறேன்.

அம்மாவின் முறையும் அதுதான், எங்கள் பக்கத்தில் பலருடைய முறையும் அதுதான். அடையாள அட்டை ஒரு பையில் இருந்தால் அதன் பிரதி இன்னொரு பையில் இருக்கும். விதைநெல்லில் பாதி பக்கத்து வீட்டுக் களஞ்சியத்தில் கிடக்கும். பஸ்ஸில் ஏறினால் அம்மா முன்னுக்கு, நான் பின்னுக்கு. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சீற் காலியாக இருந்தாலும் அப்படித்தான். போருக்குள் ஓடித்திரிந்த காலத்தில் பழகியது. எங்கிருந்தோ ஏவிய ஒரு செல் வந்து விழுந்தால் எல்லாம் ஒன்றாகப் போய்விடக்கூடாது. பதுங்குகிற பங்கருக்குள்கூட ஒரு குடும்பம் இரண்டாகப் பிரிந்து இருந்த வீடுகள் உண்டு. தம்பியை அனுப்பியதும் அப்படித்தான் என்று எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. அப்பா காயப்பட்டு, ஆஸ்பத்திரியாக மாற்றியிருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் கிடந்தார், அவரை அசைக்க முடியாது. சித்தி வீட்டார் ஒரு ட்ரக்டரில் ஒட்டுசுட்டான் பக்கமாக வெளியேறப் பார்த்தார்கள். ஒரு பிள்ளை அந்தப் பக்கம், ஒரு பிள்ளை இந்தப் பக்கம். எந்தப் பக்கம் மிஞ்சினாலும் ஒரு பிள்ளை மிஞ்சும். அப்பா மிஞ்சவில்லை. நானும் அம்மாவும் கடற்கரை வரை போய், கடைசி ஆட்களோடு வெளியே வந்தோம். இரண்டு பக்கமும் மிஞ்சியது. ஆகவே முறை சரி என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

இதையெல்லாம் தம்பிக்கு நான் சொல்லவில்லை. வேடன் நல்ல தொழில் என்று மட்டும் சொன்னேன்.

விளையாட்டில் ஒரு கிணறு உண்டு. அதில் காசு போட்டால், போட்ட லெவல்களை எல்லாம் எடுத்துத் திரும்பப் பிரிக்கலாம். நான் எத்தனை தரம் அந்தக் கிணற்றடியில் நின்றிருப்பேன் என்று எனக்கே தெரியாது. தம்பி தேத்தண்ணி போட்டுக் குடித்து முடித்து வந்து பார்ப்பான், நான் அப்போதும் அங்கேயே நிற்பேன். பூசாரி ஆறு, மந்திரவாதி இரண்டு. இல்லை, பூசாரி ஐந்து, கள்ளன் மூன்று. ஞானத்தைக் கூட்டினால் உடம்பில் பலம் குறைகிறது, பலத்தைக் கூட்டினால் அறிவு பாதாளத்துக்குப் போகிறது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் எந்த வழியிலும் எதையோ இழக்க வேண்டும். எதை இழந்தால் பரவாயில்லை என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை. சங்கக் கடையில் சீனி நிறுக்கும்போதும் அதே நினைப்பு. ஒரு நாள் ஒருவருக்குச் சீனிக்குப் பதிலாக உப்பைக் கட்டிக் கொடுத்துவிட்டேன். அவர் திரும்பி வந்து என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்குப் பதில் சொல்ல என்னிடம் ஞானமும் இருக்கவில்லை, அறிவும் இருக்கவில்லை.

பத்தாவது லெவலுக்கு வந்தபோது என் ஆள் இப்படி இருந்தாள்: பூசாரி நாலு, கள்ளன் இரண்டு, மந்திரவாதி இரண்டு, வேடன் ஒன்று, பாட்டுக்காரி ஒன்று. பாட்டு ஏன் என்று கேட்காதீர்கள். பூசாரியை ஐந்தாக்கு, ஐந்தாக்கு என்று தம்பி கெஞ்சாத குறை. அடுத்த லெவலில் கட்டாயம் போடுகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

அந்த ஞாயிறு ஒரு கோட்டையின் நிலவறைக்குள் இறங்கினோம். அதற்குள் நெருப்பு ஊதுகிற பெரிய பல்லி ஒன்று இருக்கிறது என்று இருவருக்கும் தெரியும். பல்லி இருக்கிற மண்டபத்துக்கு இரண்டு பாதை. ஒன்று அகலமான படிக்கட்டு, மற்றது ஒடுங்கிய சுரங்கம்.

“ரெண்டு பேரும் படியால போவம்,” என்றான் தம்பி. “எனக்குப் பின்னாலயே நில்லு. பிரியாதை.”

“ஒண்டா நிண்டா ஒரு ஊதலில ரெண்டு பேரும் போயிடுவம். நீ படியால போ, நான் சுரங்கத்தால வாறன். ஒராள் விழுந்தா மற்றாள் எழுப்பலாம்.”

“அக்கா, உன்னட்டை எழுப்புற மந்திரம் இல்லை. எழுப்புற மருந்தும் ஒரு குப்பிதான், அது என்னட்டை. பிரியாதை எண்டு சொல்லுறன்.”

நான் சுரங்கத்துக்குள் போனேன். அது சரி என்று என் உடம்பு முழுக்கச் சொன்னது. பல்லி இருவரில் ஒருவரைத்தான் பார்க்கும், மற்றவர் தப்புவார், அதுதானே முறை. பல்லி என்னைப் பார்த்தது. அம்பு விட்டேன், படவில்லை. நெருப்பு எறிந்தேன், நெருப்பு ஊதுகிற பிராணிக்கு நெருப்பால் என்ன ஆகும். ஒளிக்கப் பார்த்தேன், கள்ளத்தனம் போதவில்லை. காயத்தை ஆற்றினேன், அரைக்காயம் ஆறியது. பிறகு பாடினேன். என்னிடம் எல்லாம் இருந்தன, ஒன்றும் போதவில்லை. விழுந்தேன்.

தம்பி பேசாமல் படிக்கட்டால் திரும்பி ஓடியிருக்கலாம். ஓடி வெளியே போயிருந்தால் ஆட்டம் அழிந்திருக்காது. நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன், ஒருவர் தப்பினால் போதும்.

“வெளியால ஓடு,” என்று கத்தினேன்.

அவன் ஓடவில்லை. என்னை எழுப்பும் மருந்துக் குப்பியோடு சுரங்கத்துக்குள் வந்தான். அந்த ஒடுங்கின இடத்தில் ஒளிய இடமில்லை. பல்லி ஒரு முறை ஊதியது. திரை கறுத்தது. எங்கள் இருவருடைய பெயரும் மங்கிப் போனது.

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன், இல்லை, அவன் மூச்சுச் சத்தம் கேட்டது. எனக்கு அழுகை முட்டியது. ஒரு விளையாட்டுக்கு அழுகிறேனே என்று வெட்கமாகவும் இருந்தது.

“ஏன் ஓடேல்லை நீ?” என்று அவன் மேலேயே பாய்ந்தேன்.

“உன்னை விட்டுட்டுப் போறதோ?”

“அதுக்குத்தானே பிரிஞ்சது.”

“அக்கா, ஒண்டு கேக்கட்டோ?” என்றான். குரல் வேறு மாதிரி இருந்தது. “என்னை ஏன் அனுப்பினவை?”

எங்கள் வீட்டில் எப்போதும் சொல்கிற பதிலை நானும் சொன்னேன். “ரெண்டு பக்கமும் இருந்தா ஒரு பக்கமெண்டாலும் மிஞ்சும் எண்டுதான்.”

“அது தெரியும். எல்லாருக்கும் சொல்லுறது அதுதானே. ஏன் நான்? ஏன் நீ இல்லை? நீ அம்மாவோட இருந்தனீ, அப்பா சாகேக்க இருந்தனீ. நான் சித்தி வீட்டில ஆரோ ஒராளின்ரை பிள்ளை மாதிரி வளந்தனான். சின்னனில இருந்து யோசிக்கிறன். அம்மாவுக்கு நான் வேண்டாத பிள்ளையோ?”

அப்படி ஒரு கேள்வியை அவன் இவ்வளவு காலமும் வைத்துக்கொண்டு, சாப்பிட்டியோ மழையோ என்று கதைத்துக்கொண்டிருந்திருக்கிறான். குசினியில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் நின்றிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். அம்மா வாசலில் நின்றார். அரிசி களைந்த கை, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிந்தது. வந்து என் கதிரைக்குப் பின்னால் நின்றார்.

“தம்பி,” என்றார்.

“ஓம், அம்மா.”

“ட்ரக்டரில ரெண்டு பேருக்கும் இடம் இருந்தது.”

நான் திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, திரையைத்தான் பார்த்தார்.

“சித்தி ரெண்டு பிள்ளையளையும் ஏத்தச் சொல்லித்தான் நிண்டவா. அந்தப் பக்கம் போனா பிழைப்பியள் எண்டு எனக்கும் தெரியும். உன்னை ஏத்தினனான். அக்காவையும் ஏத்தத்தான் கூட்டிக்கொண்டு போனனான். அப்பா நினைவில்லாமல் கிடந்தவர். அவரோட தனிய இருக்க எனக்குப் பயமாக் கிடந்தது. அதான் அவளின்ரை கையை விடேல்லை.”

“அப்ப பிரிச்சு அனுப்பினது எண்டது?” என்று நான் கேட்டேன்.

“அது பிறகு சொன்னது, பிள்ளை. ஆக்கள் கேப்பினம்தானே ஏன் ஒண்டை மட்டும் அனுப்பினனீ எண்டு. ஏதாவது சொல்ல வேணும்.”

தம்பியின் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது அழுகையா சிரிப்பா என்று ஒலிபெருக்கியில் தெரியவில்லை. வேண்டாம் என்று அனுப்பப்பட்டவன் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தவன், பிழைக்கட்டும் என்று ஏற்றப்பட்டவன். நானோ, தம்பியை வழியனுப்பத்தான் போனோம் என்று நினைத்திருந்தவள், பிழைக்கக்கூடிய வண்டியில் ஏற்றாமல் விடப்பட்டவள். அந்தக் கடற்கரையும், அதில் நான் கண்டவையும், எனக்குத் தேவையில்லாமல் இருந்திருக்கலாம். அம்மாமேல் கோபம் வந்தது, ஆத்திரமாக வந்தது. அதே நேரம், அந்தச் சாவுக் காலத்தில் ஒருவருக்கு என்னை விட முடியாமல் இருந்தது என்பதில் ஒரு பெருமையும் எங்கிருந்தோ வந்தது. இரண்டில் எது என்னுடையது என்று எனக்குப் பிடிபடவில்லை.

“சனி வேலைக்கு நான் இன்னும் ஓம் எண்டு சொல்லேல்லை,” என்றான் தம்பி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. பிறகு கேட்டான். “அம்மா, இப்பவும் தனிய இருக்கப் பயமோ?”

“இப்ப என்ன பயம்,” என்றார் அம்மா. “அவள் இருக்கிறாள்தானே.”

சொல்லிவிட்டு ஈரக் கையை என் தோளில் வைத்தார். அதைத் தட்டிவிடுவதா, பிடித்துக்கொள்வதா என்று தெரியாமல் நான் அப்படியே இருந்தேன்.